குழந்தைக்கு மயக்க மருந்து: காஸ் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

"மயக்க மருந்து குடுத்தா குழந்தையோட மூளை மந்தமாயிடுமா?" ரெண்டு மாசப் பேரனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றதும் அத்தை கேட்ட கேள்வி. "காஸ் ஆய்வு வந்தாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

பயத்தைப் பெரிதாக்கியது எலி. 2003இல் யெவ்டோவிச்-டோடோரோவிச் குழுவினர் பிறந்து 7 நாளான எலிக்குட்டிகளுக்கு மிடாசோலம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து 6 மணி நேரம் கொடுத்தார்கள். மூளையில் பல இடங்களில் நரம்பணுக்கள் செத்தன. வளர்ந்த பிறகு கற்றலிலும் குறை தெரிந்தது.

காஸ் ஆய்வு இதற்கு நேர் எதிர்க் கோடி. 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகள்; எல்லோருக்கும் குடலிறக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து, பாதிப் பேருக்கு செவோஃப்ளூரேன், மீதிப் பேருக்கு மயக்கமில்லாமல் மரக்கவைக்கும் ஊசி. 5 வயதில் பார்த்தால் ஐ.க்யூ. சராசரி 98.97, 99.08. வித்தியாசமே இல்லை. ஆய்வில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மயக்க நேரத்தின் இடைநிலை அளவு வெறும் 54 நிமிடம். குழந்தைகளில் 84 சதவீதம் ஆண்கள்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2016இல் எச்சரித்ததோ, 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றி. 54 நிமிடக் கணக்கை வைத்து இதை எப்படிப் பொய்யாக்க முடியும்? ரெண்டும் வேறு வேறு குழந்தைகளைப் பற்றிய பேச்சு.

நடுவில் நிற்கிறது மேயோ கிளினிக்கின் மாஸ்க் ஆய்வு (2018, 997 பேர்). பலமுறை மயக்கம் பெற்றவர்களிடமும் ஐ.க்யூ. பெரிதாகக் குறையவில்லை; ஆனால் தகவலைக் கையாளும் வேகமும் கைவிரல் நுணுக்கமும் கொஞ்சம் பின்தங்கின. காரணம் மருந்தா, அத்தனை ஆபரேஷனுக்குக் காரணமான நோயா? இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இதய ஆபரேஷனுக்கு மயக்கம் இல்லாத ஒரு குழுவை யார் வைப்பார்கள்?

அத்தையிடம் சொன்னேன்: "ஒரு மணி நேர வேலை. இதுக்குப் பதில் இருக்கு, பயப்படாதீங்க. தள்ளிப்போட்டு குடல் சிக்கிக்கிட்டாதான் ஆபத்து." மூன்றாவது முறையாக இதய ஆபரேஷனுக்குப் போகும் குழந்தையின் அம்மா கேட்டால் இதே தைரியத்தில் சொல்ல மாட்டேன். ஆபரேஷனைத் தவிர்க்கச் சொல்லவும் மாட்டேன். அவருக்கான ஆய்வு இன்னும் வரவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.