கட்டளை வரியை யார் பிரிப்பது?

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசுப் பள்ளிகளிலிருந்து பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் சி மொழியில் கட்டளை வரி ஆர்க்யுமென்ட்டுகளின் எண்ணிக்கையையும் பட்டியலையும் தரும் ஆர்க்சி, ஆர்க்வி இரண்டையும் படித்திருப்பார்கள். அவை நிரலின் கைக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதில் இரண்டு சிஸ்டமும் எதிரெதிர் துருவம்.

லினக்ஸ் நிரலுக்குத் தனித்தனிச் சரங்களின் பட்டியலை ஒப்படைக்கிறது. எக்ஸெக்விஇ என்ற கெர்னல் அழைப்பு அதைப் பிரிக்காமல், ஒட்டாமல் கொண்டுசேர்க்கும். விண்டோஸின் கிரியேட்பிராசஸ் தருவதோ ஒரே நீண்ட சரம். அதை வெட்டிக்கொள்வது அந்தந்த நிரலின் பாடு. மேற்கோள்குறியை மைக்ரோசாஃப்டின் சி நூலகம் ஒருவிதமாகப் படிக்கும். பேட்ச் கோப்புகளை இயக்கும் சிஎம்டி வேறுவிதமாகப் படிக்கும். 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது இதனால்தான். பேட்ச் கோப்புக்கு அனுப்பும் ஆர்க்யுமென்ட்டுக்குள் வேறொரு கட்டளையை ஒளித்துவைக்க முடிந்தது. வடிவமைப்பிலேயே உள்ள பிழை இது என்பதே என் எண்ணம்.

லினக்ஸிலும் ஓட்டைகள் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றின் கணினியில் 'ஆவடி பில்' என்று ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஷெல் ஸ்கிரிப்டில் மாறியைச் சுற்றி மேற்கோள்குறி போட மறந்தால், அழிக்கும் கட்டளை 'ஆவடி', 'பில்' என இரண்டு கோப்புகளைத் தேடும். உண்மையிலேயே 'ஆவடி' என்றொரு கோப்பு இருந்தால் அது போச்சு. நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பதும் ஷெல்தான். அதனால் சிறுகோட்டில் தொடங்கும் கோப்புப் பெயரை நிரல் தனக்கிட்ட விருப்பக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு இடுவதுதான் காப்பு.

கெர்னலும் ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டது. பட்டியலை முற்றிலும் காலியாகக் கொடுக்க அது அனுமதித்தது. அதைப் பயன்படுத்தி பிகேஎக்ஸெக் நிரல் வழியாக ரூட் அதிகாரம் பிடிக்கலாம் என்று 2022 ஜனவரியில் தெரியவந்தது. நிரலில் அந்தப் பிழை 2009 முதலே இருந்தது.

தமிழ்ப் பெயர்கள் வரும்போது வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். லினக்ஸ் பைட்டுகளை அப்படியே கடத்திவிடும். விண்டோஸ் உள்ளுக்குள் யூனிகோடுதான். ஆனால் பழைய பாணி மெயின் செயற்கூறு, வருவதை ஆன்சி குறிப்பக்கத்துக்கு மாற்றிக் கேட்கும். தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கமே கிடையாது. 'ஆவடி' நான்கு கேள்விக்குறிகளாகத்தான் வந்து நிற்கும். 2019இன் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 கேட்டுப்பெறலாம், ஆனால் நிரல்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.

பட்டியலாகக் கடத்துவதே சரியான வழி. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றை அழைக்கும்போது சரத்தை ஒட்டி 'சிஸ்டம்' என்ற செயற்கூற்றுக்குக் கொடுக்காதீர்கள். பைத்தானின் சப்பிராசஸ் போன்றவற்றில் பட்டியலாகவே கொடுங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆய்வகப் பயிற்சியில் இடைவெளி உள்ள தமிழ்க் கோப்புப் பெயர் ஒன்றையாவது கொடுத்து, மாணவர்களின் நிரலை இரண்டு சிஸ்டத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.