கோயில் கட்டியவரும் கொட்டடி அமைத்தவர்களும்

கர்நாடக அரசு 2025 ஜூலையில் 'வீடு வீடாகப் போலீஸ்' திட்டத்தைத் தொடங்கியது. பீட் (ரோந்து) போலீஸ்காரர் வாசலுக்கே வந்து குறை கேட்பார். கொள்ளேகாலின் மலையோரத்தில் இதை நிறுத்துப் பார்க்காமல் வரவேற்க முடியாது. ஊராரை நம்புவதா, அடக்குவதா என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடைகளும் செயலில் காட்டப்பட்டுவிட்டன.

1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது கொள்ளேகால் வட்டம். அதன் தமிழ் பேசும் ஊரான கோபிநத்தம்தான் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் சொந்த ஊர். அங்கே தங்கிய வன அதிகாரி பி. சீனிவாஸ், மாரியம்மன் கோயில் கட்டினார், மருத்துவ வசதி செய்தார், வீரப்பனின் கூட்டாளிகளைச் சரணடையவும் வைத்தார். அவர் போலீஸ்காரர் அல்ல. ஆனாலும் சமூகக் காவலுக்கு அப்பகுதியில் இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. 1991 நவம்பர் 10 அன்று, வீரப்பன் சரணடைவான் என்ற பேச்சை நம்பிப் போனவர் கொல்லப்பட்டார்.

'நம்பினார், செத்தார், இனி லத்திதான்' என்று சிலர் முடிவுகட்டினார்கள். அந்த முடிவு தப்பு. மறுவருடம் ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் எஸ்.ஐ. ஷகீல் அகமதுவும் பொய்த் தகவலை நம்பித்தான் வீரப்பனின் பொறியில் விழுந்து இறந்தார்கள். அவர்கள் துப்பாக்கியோடு போனவர்கள். ஆக, ஆளைக் கொன்றது ஊராரோடு கொண்ட நட்பல்ல, சரிபார்க்காத தகவல்.

இனி லத்தியின் கணக்கு. வீரப்பன் கூட்டத்தால் ராமபுரம் காவல் நிலையமே தாக்கப்பட்டு, 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்த காலம் அது. வீரப்பனைப் பிடிக்க அமைந்த அதிரடிப்படையின் ஆத்திரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது கிராமத்தார் மீது திரும்பியது. மாதேஸ்வரன் மலை முகாமில் 'ஒர்க்‌ஷாப்' என்று அழைக்கப்பட்ட இடத்தில் சித்திரவதை நடந்ததாக அதிரடிப்படை மீதான புகார்களை விசாரித்த நீதிபதி சதாசிவா குழுவிடம் மக்கள் சாட்சி சொன்னார்கள். 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அளிக்கச் சொன்னது. இவ்வளவு அடித்தும், 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பனை வீழ்த்தியது வேவும், ஆம்புலன்ஸ் வேடமிட்ட ஒரு வண்டியும்தான். ஊரை அடித்ததன் பலன் ஊராரின் வெறுப்பு.

அப்படியானால் சீனிவாஸ் வழிக்கே முழு மதிப்பெண்ணா? இல்லை. அந்த வழி ஒரு மனிதரின் குணத்தில் நின்றது; அவரோடு போயிற்று. நட்பைத் திட்டமாக்கினாலும் போதாது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு' நல்ல நோக்கத்தில் பிறந்தது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பின் தமிழக அரசே அதைத் தடை செய்தது. போலீஸுக்குத் துணைபோக ஆள் சேர்ப்பது எளிது. போலீஸைக் கேள்வி கேட்க இடம் தருவதுதான் கடினம்.

அந்த இடத்தை உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கிலேயே காட்டியது: ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்டந்தோறும் புகார் ஆணையம். எனவே என் தீர்ப்பு: வீடு வீடாக வருவது சரியான முதல் அடி, தனியாக அது பாதித் திட்டம். வாசலில் நிற்கும் போலீஸ்காரர் மீதே புகார் சொல்ல வேண்டுமானால் எங்கே போவது என்பது கோபிநத்தத்துக் கிழவிக்கும் தெரிந்திருந்து, போனால் அவள் மொழியில் பதிலும் கிடைத்தால்தான் அது சமூகக் காவல்.