இலவசமும் அருட்கொடையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. அவ்வழக்கையே இன்று கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சிலும் கேட்கிறோம். சோனி நிறுவனம் 2010-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிளேஸ்டேஷன் பிளஸ் என்னும் சந்தாத் திட்டத்தைத் தொடங்கியது. சந்தா செலுத்துவோருக்கு மாதந்தோறும் சில விளையாட்டுகள் தனி விலையின்றி வழங்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2013-இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2023 செப்டம்பர் வரை நடத்தியது. இவ்வாறு வரும் விளையாட்டுகளைக் குறித்து இளைஞர்கள் கூறும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டுதான். 'இம்மாதம் கொடுத்தவை பயனற்றவை' என்பது ஒன்று. 'இலவசமாய் வந்ததைக் குறை சொல்லலாமா?' என்பது மற்றொன்று. முதற்கருத்து பட்டியலை எடைபோடுகிறது. இரண்டாவது கருத்து பேசுகிறவன் வாயை அடைக்கிறது. படைப்பு எத்தகையது என்று இரண்டும் கேட்பதில்லை.

முதலில், இது தானமா என்பதையே பார்ப்போம். அமெரிக்காவில் இத்திட்டத்தின் ஆண்டுச் சந்தா தொடக்கத்தில் சுமார் 50 டாலராக இருந்தது. 2016 செப்டம்பர் 22 அன்று அது 60 டாலராயிற்று. 2023 செப்டம்பரில் அடிப்படைச் சந்தாவே 80 டாலராயிற்று. சந்தா உள்ளவரை, அம்மாதத்தில் பெற்றுக்கொண்ட விளையாட்டை விரும்பியபோதெல்லாம் ஆடலாம். சந்தா நின்றால் விளையாட்டும் பூட்டப்படும். மீண்டும் பணம் கட்டினால் பூட்டுத் திறக்கும். மைக்ரோசாஃப்ட் தன் திட்டத்தில் வழங்கிய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகள் மட்டும், சந்தா முடிந்த பின்னும் பெற்றவரிடமே தங்கின. அதனைக் கொடை எனலாம். ஏனையவற்றை வாடகை என்பதே பொருந்தும். வாடகை வாங்குவது பாவமன்று. முறையான ஒப்பந்தம் அது; நிபந்தனைகளும் மறைக்கப்படவில்லை. ஆயினும் வாடகைக்கு வந்த மாட்டைத் தானத்து மாடு என்று நம்பி, பல்லைப் பாராது இருப்பது நம் அறியாமையேயாகும்.

பல்லைப் பார்ப்பது என்றால் என்ன? ஒரு படைப்பை எடுத்துக்கொள்வோம். 2016 செப்டம்பரில், அதாவது சந்தா உயர்ந்த அதே மாதத்தில், வழங்கப்பட்ட விளையாட்டுகளுள் 'ஜர்னி' என்பதும் ஒன்று. 'பயணம்' என்பது அதன் பொருள். ஜெனோவா சென் என்பாரின் தலைமையில் கலிபோர்னியாவிலுள்ள சிறு குழுவொன்று உருவாக்கி, 2012-இல் வெளியிட்டது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 15 டாலர். ஆஸ்டின் வின்டரி அமைத்த அதன் இசை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் பெருமையைப் பெற்றது. இளைஞர் ஒருவரின் உதவியோடு இதனை இருமுறை முழுமையாகக் கண்டபின் எழுதுகிறேன்.

மேலங்கி போர்த்த ஓர் உருவம் பாலைநிலத்தில் நிற்கிறது. தொலைவில் ஒரு மலை. அதன் உச்சியில் ஓர் ஒளி. அங்கே செல்ல வேண்டும். கதை இவ்வளவே. உருவத்தின் கழுத்தில் ஒரு துகில் உண்டு. அதில் ஒளியெழுத்துகள் மிளிரும்வரை அவ்வுருவம் பறக்கலாம். அவை மங்கினால் நடந்தே தீரவேண்டும். வழியில் இன்னொரு பயணி எதிர்ப்படுவார். உலகின் எங்கோ ஒரு மூலையில் அதே வேளையில் விளையாடிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். அவர் பெயர் தெரியாது, பேச இயலாது, ஓர் இசைக்குரலால் அழைக்க மட்டுமே இயலும். ஒருவர் மற்றவரைத் தாக்க வழியே கிடையாது. ஆனால் இருவரும் நெருங்கித் தொட்டால், மங்கிய துகில் மீண்டும் ஒளிபெறும். துணைவந்தோரின் பெயர்கள் பயணம் முடிந்த பிறகே திரையில் தோன்றும்.

மலையை நெருங்கும்போது பனிப்புயல் வீசுகிறது. துகில் உறைகிறது, நடை தளர்கிறது, ஆடுபவன் எவ்வளவு முயன்றாலும் உருவம் பனியில் விழுந்துவிடுகிறது. திறமை இங்கே உதவாது. அப்போது வெண்ணாடை அணிந்த பேருருவங்கள் சூழ்ந்து நின்று, விழுந்தவனை எழுப்புகின்றன. அவன் உச்சியை நோக்கிப் பறந்து செல்கிறான். புள்ளிகளைச் சேர்த்து வெற்றியைச் 'சம்பாதிக்கும்' விளையாட்டுகளுக்கே பழகிய கைகளுக்கு, சம்பாதிக்க இயலாத ஒன்றை இப்படைப்பு காட்டுகிறது. இதன் பெருமை அங்கேதான் உள்ளது.

குறையும் உண்டு. உச்சியின் ஒளிக்கு முகம் இல்லை. பயணி அதனுள் மறைகிறான். பிறகு ஒரு விண்மீன் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. கிறிஸ்தவத் திருப்பயணமோ, நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரிடம் சென்று சேர்வது. இப்படைப்பு அந்த வாயில்வரை வந்து நின்றுவிடுகிறது. எனினும் அவ்வளவு தூரம் வரும் படைப்புகள் சிலவே. இத்தகைய ஒன்றை, அம்மாதப் பட்டியலில் ஓர் எண்ணாக மட்டும் கண்டு, 'இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது' என்று ஒதுக்குவது, திருப்பலியை நிமிடக்கணக்கில் மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

இங்குதான் 'இலவசம்' என்னும் சொல் நம் உள்ளத்தில் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். இலத்தீன் மொழியில் அருள் என்பதற்கு 'கிராத்சியா' என்பது சொல். விலையின்றி என்பதற்கு 'கிராத்திஸ்' என்பது சொல். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. நம் உழைப்புக்குக் கூலியாக வருவது அருளாகாது என்பதைப் புனித அகுஸ்தீன், பெலாஜியுஸின் கொள்கையை எதிர்த்து வற்புறுத்தினார். அந்த உயர்ந்த சொல் இன்று பணம் கட்டும்வரை நீடிக்கும் சலுகைக்குப் பெயராகிவிட்டது. சொல் தேய்ந்தால் பொருளும் தேயும். உறுதிப்பூசுதலுக்கான மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "சந்தா கட்டாவிட்டால் விளையாட்டு பூட்டிக்கொள்ளுமே, அதுபோலப் பூசைக்கு வராவிட்டால் அருளும் பூட்டிக்கொள்ளுமா, சாமி?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. கொடை என்றால் என்ன என்பதை அவன் கற்ற இடம் அந்தத் திரைதான். அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். திருமுழுக்கில் பெற்ற முத்திரை அழியாதது. பாவத்தால் நாம் அருளைவிட்டு அகன்றுபோகக் கூடும். ஆனால் கதவைப் பூட்டுபவர் இறைவன் அல்லர். ஊதாரி மைந்தனின் தந்தை வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார். நிலுவைக் கணக்கைக் கேட்கவில்லை. ஞாயிறு திருப்பலி நாம் செலுத்தும் கட்டணமன்று. ஏற்கெனவே பெற்றதற்கான நன்றி. நன்றி செலுத்துதல் என்பதே நற்கருணையின் கிரேக்கப் பெயருக்குப் பொருள்.

நன்றியின் எதிர்ப்புறத்தில் நிற்பது குவித்தல். ஒவ்வொரு மாதமும் பெற்றுக்கொண்டு, திறந்தும் பாராத விளையாட்டுகள் பலர் கணக்கில் குவிந்து கிடக்கின்றன. பாலைவனத்தில் மன்னாவை அன்றன்றைய தேவைக்கு மேல் சேர்த்து வைத்தோரின் பாத்திரத்தில் புழு வைத்தது. குவித்தவனுக்குப் பசியும் தீராது, சுவையும் தெரியாது. 'இம்மாதம் ஒன்றுமில்லை' என்னும் முணுமுணுப்பு பெரும்பாலும் நிறைந்த பாத்திரத்திலிருந்தே எழுகிறது.

"இலவசம்தானே சாமி, வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று பெற்றோர் கேட்கின்றனர். விளையாட்டை வெறுக்குமாறு நான் சொல்லேன். அளவான விளையாட்டு மனத்திற்கு ஓய்வளிக்கும் நற்பண்பைச் சார்ந்தது என்றும், விளையாட்டே அறியாத கடுமையும் குற்றமாகலாம் என்றும் புனித தோமா அக்குவினாஸ் கற்பித்துள்ளார். வாங்கிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பதைப் பிள்ளைக்குக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இது விலைக்கு வாங்கியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து முழுமையாக ஆடச் செய்யுங்கள். ஆடி முடித்தபின் அருகில் அமர்ந்து, அதில் யார் விழுந்தார், யார் எழுப்பினார் என்று கேளுங்கள். அந்தப் பேச்சுக்குச் சந்தா தேவையில்லை.