பழைய படமும் முதியோர் சொல்லும்

மலையக வரலாற்றை ஆராய்வோர் சிலர் பழைய நிலப்படங்களைச் சான்றாகக் கொள்ளத் தலைப்பட்டுள்ளனர். படத்தைக் கணினியில் ஏற்றி, இன்றைய செய்மதிப் படத்தின்மீது பொருத்தி, மறைந்த லயன்களையும் கோயில்களையும் தேடுவது இவர்தம் முறை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், அவ்விடங்களை அறிந்தோர் பலர் இந்தியா சென்றனர், எஞ்சியோரும் முதுமையெய்தினர். ஆதலின் இம்முயற்சி வரவேற்கற்பாலதே. எனினும் அது நடைபெறும் முறை ஐயத்துக்கிடமானது.

உருண்ட புவியைத் தட்டையான தாளில் அமைக்கும் கணித முறையே எறியம் எனப்படும். இரண்டாம் உலகப்போர்க்கால இலங்கை இராணுவப் படங்களின் கட்டங்கள் குறுக்கு மேக்கேற்றர் எறியத்தில் அமைந்தவை. அவற்றின் தோற்றப்புள்ளி நுவரெலியாவை அடுத்துள்ள பீதுருதாலகலைச் சிகரம். அச்சிகரத்துக்குக் கிழக்கு எண்ணும் வடக்கு எண்ணும் 176,000 கெசம், அதாவது 100 மைல், எனக் கொள்ளப்பட்டன. பின்வந்த மீற்றர்க் கட்டத்தில் அவை 200,000 ஆயின. 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் 500,000 ஆயின. ஒரே மலைக்கு மூவகை எண்கள்! எந்த எண் எந்தக் கட்டத்துக்குரியது என வினவாதார் மலையையே இடம்பெயர்த்துவிடுவர்.

இத்தகைய பெருந்தவறு எளிதிற் புலப்படும். சிறு தவறுகளே அஞ்சத்தக்கவை. எறியத்தைக் கருதாது, அட்டன், நானுஓயா முதலிய புகையிரத நிலையங்களைப் பற்றுக்கோடாக்கிப் படத்தை இழுத்துப் பொருத்துவோர் உளர். பாதையோரப் புள்ளிகள் பாதையையே நிலைநிறுத்தும். அதனின்று விலகித் தெற்கே கிடக்கும் மஸ்கெலியாவை அவை கட்டுப்படுத்தா. எறியத்தைச் சரியாகக் கொள்வோருள்ளும் சிலர் புவியின் வடிவுபற்றிய பழைய கணிப்பை மறந்துவிடுகின்றனர். பழைய அளவை எவரஸ்ட் என்பாரின் கணிப்பையும் கந்தவளை அடிப்படையையும் தழுவியது. அதனைச் செய்மதி முறையின் எண்ணாகவே கொள்ளின், இம்மலைநாட்டில் இருநூறு மீற்றருக்கு மேல் வழு நேரும். ஓரங்குலம் ஒரு மைலாகும் படத்தில் அது மூன்று மில்லிமீற்றர் சொச்சமே. தோட்டத்திலோ அது ஒரு லயனை ஓடைக்கு அப்பால், அடுத்த டிவிசனிற் கொண்டு நிறுத்தப் போதுமானது.

இதனைச் சோதிக்கத் தக்க களம் ஒன்றுண்டு. மவுசாகலை அணை 1969இல் நிறைவுற, பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கியது. நீர்மட்டம் தாழும் காலங்களில் கோயிற் கட்டடத்தின் எச்சங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. அவற்றின் நிலையை நேரில் அளந்து, பழைய படம் காட்டும் நகரோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தினாலன்றி அப்படத்தைக்கொண்டு வேறெந்த இடத்தையும் துணிதல் கூடாது.

இது வெறுங் கணித நுட்பமன்று. தோட்டங்களின் பெயர்கள் பெரும்பாலும் துரைமார் இட்டவை. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர்களை முதியோர் வாய்மொழியிலேயே தேடவேண்டும். “எங்கள் லயன் அந்த ஆலமரத்தடியில் இருந்தது” என ஒரு மூதாட்டி கூற, கணினித் திரை வேறிடம் காட்டுமாயின், எதனை நம்புவோம்? பெரும்பாலும் திரையையே நம்புகின்றோம். வழு நம்முடையது, பழியோ அவர் நினைவின்மீது விழுகின்றது. படத்தை அதன் எறியத்திலேயே படித்தல் வரைந்தவனுக்குச் செய்யும் நீதி மட்டுமன்று. வரையப்படாதோர்க்கும் செய்யும் நீதியாகும்.