பினாங்குத் தீவாந்தரமும் வெல்ஷின் பதிவும்

சிவகங்கைப் போருக்குப்பின் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டோரின் அன்றாட வாழ்வை அறியக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சில. அவற்றுள் குறிப்பிடத்தக்கது கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகள். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றவர் வெல்ஷ். அம்மருதுவின் மகன் துரைசாமியை அவர் 1818-இல் பினாங்கில் கண்டார். சிறுவனாகக் கப்பலேறியவர் பதினாறே ஆண்டுகளில் முதுமைத் தோற்றம் எய்தியிருந்தார்.

இப்பதிவில் இரக்கம் உண்டு. உணவு, உழைப்பு, உறையுள் பற்றிய விளக்கம் இல்லை. கண்டவர் வென்ற படையின் அதிகாரி. ஆதலின் தளர்ந்த உடலே நமக்குச் சான்றாக எஞ்சுகிறது. இவ்விடைவெளியை வீரக் கற்பனையால் நிரப்புதல் ஆய்வு நெறியன்று. மலேசியத் தமிழர் வரலாற்றை இரப்பர்த் தோட்டத்திலிருந்தே கேட்டுவரும் சுங்கை ரம்பாய் மாணவர்க்கு, அம்மௌனத்தை மௌனமாகவே காட்டிக் கற்பித்தல் வேண்டும் எனக் கருதுகிறோம்.