எழுதாத வசனத்துக்கு எடைக்கல்

இம்ப்ரோவ் நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது, "எல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றியதாமே!" என்பதுதான். வசனம் எழுதப்படவில்லை, ஒத்திகை கிடையாது, அடுத்து என்ன நடக்கும் என்பது நடிகருக்கே தெரியாது. இத்தனை இல்லாமைகளுக்கு நடுவே சிரிக்கவும் வைத்துவிட்டார்களே என்று மதிப்பெண் தாராளமாக விழுகிறது. குறிப்புப் பார்க்காமல் சமைத்தார் என்பதற்காக உப்பில்லாத குழம்பை யாரும் மெச்சுவதில்லை. இந்தக் கலைக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? அதை எடுத்துவிட்டு, எழுதி நடித்த நகைச்சுவையால் தர முடியாத எதையாவது இது தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கலை பிறந்த ஊரான சிகாகோவிலேயே இது பழைய சண்டை. குடியேறிகளின் பிள்ளைகளையும் ஏழைச் சிறுவர்களையும் நடிக்க வைப்பதற்காக வயலா ஸ்போலின் உருவாக்கிய விளையாட்டுகளிலிருந்து இம்ப்ரோவ் முளைத்தது. அவருடைய மகன் பால் சில்ஸ், 1955இல் டேவிட் ஷெப்பர்டோடு காம்பஸ் குழுவையும், 1959இல் வேறு இருவரோடு செகண்ட் சிட்டியையும் தொடங்கினார். அந்த இருவரில் ஒருவரான பெர்னி சாலின்ஸ் கடைசிவரை ஒரே கட்சி: இம்ப்ரோவ் ஒரு கருவி. அதைக் கொண்டு காட்சிகளைக் கண்டுபிடி, செதுக்கு, உறுதியானதை மட்டும் மேடைக்குக் கொண்டுவா. அங்கே இயக்குநராக இருந்த டெல் க்ளோஸ் எதிர்க்கட்சி: இதுவே முழுக் கலை, தேடலையே ரசிகருக்குக் காட்டு. 1999இல் க்ளோஸ் சாகக் கிடந்தபோது மருத்துவமனைக்கு வந்த சாலின்ஸ், "இன்றைக்கு மட்டும்" கலைதான் என்று ஒப்புக்கொண்டதாக அந்த ஊர் நாடகக்காரர்கள் கதை சொல்வார்கள்.

நான் உட்கார்ந்திருந்த அரங்கு, அதே ஊரின் வடபகுதியில் ஒரு மதுக்கூடத்தின் பின்கட்டு. கறுப்புச் சுவர், மேடையில் இரண்டு மர நாற்காலி, ஓரத்தில் ஒரு கீபோர்டு. நடிகரின் நெற்றி வியர்வை கடைசி வரிசைக்கும் தெரியும்.

முதல் பாதி குறும் விளையாட்டுகள். மணி அடித்தால் கடைசியாகச் சொன்ன வசனத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். அடுத்ததில் ஒவ்வொரு வசனமும் அகரவரிசைப்படி தொடங்க வேண்டும். இரண்டு அணி, நடுவர், மதிப்பெண். இந்தப் போட்டி வடிவத்தை 1977இல் கனடாவின் கால்கரி நகரில் கீத் ஜான்ஸ்டன் நிறுவினார். தொழில்முறை மல்யுத்தக் கூட்டத்தின் கூச்சல் நாடக அரங்குக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமையில் பிறந்த யோசனை. கூச்சல் கிடைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது கழைக்கூத்துக்கான கூச்சல். விழுவாரா, தப்புவாரா என்பது மட்டுமே அங்கே பதற்றம். பாத்திரம் என்று ஒன்று உருவாகவே இல்லை. ஒரு தொழில் சொல்லுங்கள் என்றார்கள், பல் மருத்துவர் என்று கத்தினார்கள். ஓர் இடம் என்றார்கள், கழிப்பறை. பார்வையாளரிடம் சொல் வாங்குவது நேர்மைக்கான சாட்சி என்பார்கள். எனக்கென்னவோ அது புளித்த மாவை வெளியிலிருந்து வரவழைக்கும் வழியாகவே படுகிறது.

ஒரு காட்சியில் கணவன் மனைவி சண்டை மெல்லச் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. மனைவியாக நடித்தவர் கண்ணுக்குத் தெரியாத மேசை ஒன்றைப் போட்டு, தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றினார். உள்ளே நுழைந்த மூன்றாவது நடிகர் நேராக அந்த மேசையின் ஊடாக நடந்துவிட்டார். அரங்கு அதிர்ந்தது. "நம்ம வீட்டு மேசைக்கு ஆவி பிடித்திருக்கிறது" என்றார் கணவன். இன்னும் பெரிய சிரிப்பு. சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நொடியில் சண்டை செத்துப்போனது. அடுத்த நான்கு நிமிடமும் ஆவியைப் பற்றியே பேச்சு. சிரித்தவர்கள் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மாட்டிக்கொண்ட நடிகரைப் பார்த்துச் சிரித்தார்கள். தன் தவறையே லாபத்துக்கு விற்கத் தெரிந்த நாடக வடிவம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. விலை கொடுப்பது கதை.

இரண்டாம் பாதியில் ஹெரால்ட் ஆடினார்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் க்ளோஸ் சோதித்துப் பார்த்து, பின்னர் சிகாகோவில் சார்னா ஹால்பெர்னோடு சேர்ந்து வளர்த்த நெடுவடிவம் அது. ஒரே சொல்லிலிருந்து தொடர்பில்லாத மூன்று காட்சிகள் கிளம்பும். நடுவில் எல்லாரும் சேர்ந்த ஆட்டம். பிறகு அதே காட்சிகள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை திரும்பி வந்து ஒன்றோடொன்று உரசும்.

அன்றைய சொல் குடை. ஒரு பெண் ஒன்றும் பேசாமல் வந்து, நெட்டையான சக நடிகரின் பக்கத்தில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் வேகமாக நடந்தார். அவள் எட்டிப்பிடித்தாள், கை இன்னும் உயர்ந்தது. சற்று நேரம் கழித்து அவர் நடையைக் குறைத்து, முழங்காலை லேசாக மடக்கி, அம்மா உயரமாக இருந்தாளே என்றார். அவ்வளவுதான். அந்த வரி வருவதற்கு முன் அவள் மகள் இல்லை; மனைவியாகவோ வேலைக்காரியாகவோ இருந்திருக்கலாம். வரியைக் கேட்டு அவள் கை அரை அங்குலம் தாழ்ந்ததைப் பார்த்தேன். தான் யார் என்பதை ஒருத்தி இன்னொருவர் வாயிலிருந்து அறிந்துகொள்வது முகத்தில் தெரிந்தது. ஒத்திகை பார்த்த நாடகத்தில் தேர்ந்த நடிகை இதை நடித்துக் காட்டுவாள். இங்கே அது நடந்தது. சிறிது நேரம் கழித்து, வங்கி நேர்காணல் காட்சியில் மேலாளர் அலமாரிக்குக் கை உயர்த்தியபோது, நகைச்சுவை வரி ஒன்றுகூட இல்லாமல் கூட்டம் சிரித்தது. அந்தக் கை முன்பு யார் தலைக்கு மேல் இருந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் சுற்றில் ஹெரால்டின் பரம்பரை நோய் வந்துவிட்டது. எல்லா இழைகளையும் முடிச்சுப் போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் ஆறு பேரும் ஓடிவந்து, அப்பா, மேலாளர், மூன்றாவது காட்சியின் விமானப் பணிப்பெண் எல்லாரையும் ஒரே கல்யாணத்தில் கூட்டிவைத்தார்கள். தற்செயல் கடமையாகிவிட்டால் அதைவிடச் சலிப்பு வேறில்லை.

எல்லாம் புதிது என்ற உரிமைக்கோரலையும் சும்மா விட முடியாது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சேருகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும், எங்கே திரும்பும் என்பது அங்கேதான் முடிவாகிறது. ஆனால் யாரும் அதைப் புதுச்சரக்கு என்று விற்பதில்லை. கதை தெரியும், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு தெரியும், பபூனின் நகைச்சுவை பாதி தாத்தா காலத்தது. தெரிந்த சரக்கை இந்த எதிராளிக்கு எதிரே இன்று எப்படி எடுத்து வீசுகிறார் என்பதே பந்தயம். சிகாகோவுக்கும் இப்படி ஒரு சரக்கறை உண்டு: நேர்காணல், முதல் சந்திப்பு, மருத்துவ அறிக்கை, செத்த அப்பாவின் உயில். ஒரே மாலையில் இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்தால் போதும், அலமாரிகள் தெரிந்துவிடும். சரக்கு இருப்பது குறையில்லை. இல்லை என்று சாதிப்பதுதான் குறை. மறுக்கும் சரக்கை யாரும் மெருகேற்றுவதில்லை.

துணிச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1968 வரை நாடகப் பிரதியை லார்டு சேம்பர்லின் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. பிரதியே இல்லாததை எப்படிக் கொடுப்பது? ஜான்ஸ்டன் லண்டனில் தன் குழுவின் நிகழ்ச்சிகளை வகுப்பு விளக்கம் என்ற பெயரில்தான் நடத்தினார். நமக்கும் 1954இல் ஒரு நாடகச் சட்டம் வந்தது. அன்றாட அரசியலை வசனத்துக்குள் நுழைத்த எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்தே அது வந்தது என்பது பரவலான கருத்து. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. எழுதாத வசனத்தைக் கண்டு அரசு பயந்த காலம் அது. பின்கட்டு அரங்கில் யாரும் பிரதி கேட்கவில்லை; யாரும் பயப்படும்படி எதுவும் சொல்லப்படவும் இல்லை. அரசியல் என்று வந்தது ஓர் அதிபரின் குரலைப் போலப் பேசிக்காட்டியது மட்டும்.

உச்சம் எது என்று தெரிந்தால்தான் மட்டத்தை அளக்க முடியும். இம்ப்ரோவ் நடிகர்களான டி.ஜே. ஜகடாவ்ஸ்கியும் டேவ் பாஸ்குவேசியும் 2002 முதல் இருவராக ஆடுகிறார்கள். பார்வையாளரிடம் சொல் கேட்பதில்லை. எல்லாம் இப்போது தோன்றுவதுதான், நம்புங்கள் என்று மட்டும் சொல்வார்கள். அவர்களைப் பற்றி 2009இல் வந்த ஆவணப்படத்துக்கு அந்த வாசகமே தலைப்பு. விளக்கு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காட்சியை நாம் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறோம் என்பது அவர்கள் கொள்கை. கேட்கிறவருக்குச் சற்று மாயாவாதமாக ஒலிக்கும். பார்த்தால், அது வெறும் பொறுமை என்று தெரியும். தேவைப்பட்டால் ஒருவர் பாத்திரத்தை மற்றவர் எடுத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முழுக் குடியிருப்பே மேடையில் இருக்கும்.

நகைச்சுவை உற்பத்தி என்ற கணக்கில் இம்ப்ரோவ் எழுத்திடம் தோற்கும். சாலின்ஸ் சொன்னது சரி. 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' என்ற இம்ப்ரோவ் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வென்றதும் நீளமாகப் பதிவுசெய்து நல்லதை மட்டும் வெட்டி எடுத்ததால்தான். அதுவும் சாலின்ஸின் வழியே. ஆனால் ஒரு நடிகர் சொன்னது இன்னொருவரை நம் கண்ணெதிரே மாற்றுவதைக் காட்டும் நாடகம் என்ற கணக்கில் இதற்கு ஈடு இல்லை. அது முகத்தில் நிகழ்வதால் சிறிய அரங்கைத் தாண்டி உயிர் வாழாது. எனவே க்ளோஸ் பக்கமே என் ஓட்டு: இது கலைதான். அந்த மாலையில் அந்தக் கலை மேடையில் இருந்தது சுமார் பத்து நிமிடம். மிச்ச நேரம் அதன் பயிற்சி வகுப்பு.

வகுப்பு என்பது வெறும் உவமையும் இல்லை. இந்த அரங்குகள் பெருமளவு நம்பியிருப்பது பயிற்சிக் கட்டணத்தை. மேடையேறுகிற பலருக்குச் சம்பளம் கிடையாது; நியூயார்க்கின் யூ.சி.பி. அரங்கு நடிகர்களுக்கு ஊதியம் தராதது 2013இல் பெரிய சர்ச்சையாயிற்று. 2020இல் கொரோனா வகுப்புகளை நிறுத்தியபோது யூ.சி.பி. நியூயார்க் அரங்கைக் கைவிட்டது. க்ளோஸும் ஹால்பெர்னும் கட்டி வளர்த்த ஐ.ஓ. அரங்கு மூடப்பட்டு, புதிய உரிமையாளர்களிடம் 2022இல்தான் மீண்டும் திறந்தது. குடை பிடித்தவளுக்கும் நெட்டைக்காரருக்கும் இருந்த காது பக்குவப்பட நெடுங்காலம் ஆகும். கட்டணம் செலுத்தும் புதியவர்களை மேடையேற்றியே வாடகை கொடுக்க வேண்டிய அரங்கால் அவ்வளவு காலம் ஒருவரை வைத்துக் காப்பாற்ற முடியாது. பத்து நிமிடம் இருபதாக வேண்டுமென்றால், நடிகர்களைத் திருத்துவதற்கு முன்னால் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திருத்த வேண்டும்.