ரோபோவுக்குப் போன பாராட்டு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஐசிடி, ஐடிகேஇ என்ற இரண்டு ஆய்வுப் பிரிவுகள் மாணவர்களோடு சேர்ந்து 2011-இல் ஒரு மர மண்டபம் கட்டின. 6.5 மி.மீ. ப்ளைவுட்டில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத 850-க்கும் மேற்பட்ட பாகங்கள். ஓரங்களில் 1,00,000-க்கும் மேல் பல் இணைப்புகள் (தச்சர்கள் மரப்பெட்டி மூலைக்கு விரல் கோத்தமாதிரி போடுவார்களே, அதேதான்). வெட்டியது 7 அச்சு ரோபோ.

"ரோபோ துல்லியமானது, அதனால் முடிந்தது" என்றுதான் பலரும் பாராட்டுகிறார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

டேட்டாஷீட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் ரிபீட்டபிலிட்டி. ஒருமுறை போன இடத்துக்கே மறுபடி எவ்வளவு நெருங்கி வரும் என்பது மட்டும்தான் அது. புரோகிராமில் எழுதிய புள்ளிக்குச் சரியாகப் போகுமா என்பது வேறு கேள்வி; அங்கே பிழை பல மடங்கு. வெல்டிங்குக்கு முதல் எண் போதும். 850 பாகமும் வேறுவேறு என்றால் போதாது.

அடுத்தது விறைப்பு. ரோபோ கையில் ஆறு மூட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நெகிழ்வும் நுனியில் வந்து சேரும். அதன் விறைப்பு பொதுவாக மைக்ரானுக்கு 1 நியூட்டனுக்கும் கீழே. சிஎன்சி மெஷினுக்கு 50-க்கும் மேல். 500 நியூட்டன் விசை வந்தால் கை அரை மி.மீ.க்கு மேல் விலகிவிடும். எஃகு என்றால் கதை முடிந்தது. ப்ளைவுட், தெர்மோகோல் என்றால் வெட்டு விசையும் குறைவு, கேட்கும் துல்லியமும் குறைவு. தப்பித்தோம்.

அப்போ கை எதற்கு? கோணத்துக்கு. தகடுகள் சந்திக்கும் கோணம் இடத்துக்கு இடம் மாறும். பல்லையும் சாய்த்து வெட்ட வேண்டும். 3 அச்சு மெஷினால் முடியாது.

என் பாராட்டு வடிவமைப்புக்கு. சாண்ட் டாலர் என்ற கடல் உயிரியின் ஓட்டைப் பார்த்து, ஒரு புள்ளியில் மூன்று தகடு மட்டும் சந்திக்கும்படி அமைத்தார்கள். அதனால் இணைப்பில் வளைக்கும் விசை வராது. எனவே மெல்லிய தகடு போதும். தகடு மெல்லியது என்பதால் வெட்டு லேசானது. வெட்டு லேசானது என்பதால் நெகிழ்கிற கையே போதும். ரோபோவுக்கான கோடும் மாடலிலிருந்தே தானாக உருவானது.

இந்தச் சங்கிலியை விட்டுவிட்டு ரோபோவை மட்டும் பார்த்தால், அலுமினியம் வெட்டப் பழைய கை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வோம். வாங்க நினைப்பவர்கள் டேட்டாஷீட்டை மூடிவைத்துவிட்டு, வெட்டப்போகும் பொருளை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்.